உஷ்ணம் என்றொரு சமாதானம்

நம் நாட்டில் எந்த வியாதிக்கும் முதல் வைத்தியம் ஒரு சொல்தான். 'உஷ்ணம்' என்பது அந்தச் சொல். தலை வலித்தால் உஷ்ணம். வாய் வெந்தால் உஷ்ணம். குழந்தை ராத்திரியில் வீறிட்டு அழுதால் அதுவும் உஷ்ணம். இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டவனுக்கு மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருஷம் கண் விழிக்க வேண்டிய அவசியமில்லை. சொல்கிறவனுக்குச் செலவில்லை, கேட்கிறவனுக்குப் பயமில்லை. இருவருக்கும் மனம் ஆறிவிடுகிறது. வியாதிதான் ஆறுவதில்லை.

இந்தச் சொல்மீது எனக்கு வெகு நாளாகக் கோபம் கிடையாது. நானும் அதைச் சொல்லி வளர்ந்தவன்தான். என் மைத்துனனுடைய வலது கண்ணுக்கு நேர்ந்த கதியைப் பார்த்த பிறகுதான், இது வெறும் சொல் அல்ல, ஆளைக் குருடாக்கக்கூடிய ஆயுதம் என்று எனக்கு உறைத்தது. அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நான் வைத்தியம் படித்தவனல்ல. கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். ஆகையால் மருந்தைப் பற்றிப் போதிக்க வரவில்லை. காது கொடுத்துக் கேட்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன்.

தொப்பூரை அறியாதவர்கள் லாரித் தொழிலில் இருக்க முடியாது. வடக்கேயிருந்து தருமபுரி வழியாகச் சேலம் போகும் பெருஞ்சாலை, பாளையம்புதூர்ச் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் மலையிடுக்கில் இறங்க ஆரம்பிக்கிறது. கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று அங்கே ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சாவுக் கணக்கு. 2020 டிசம்பர் 12-ஆம் தேதி ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் வரிசையாக நின்ற கார்களின்மேல் பாய்ந்து நாலு பேர் செத்தார்கள். 2024 ஜனவரி 24-ஆம் தேதி மறுபடியும் நாலு பேர். அன்று ஒரு லாரி பாலத்திலிருந்து கீழேயே விழுந்தது. இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு இறங்குகிற பழக்கம் நம் டிரைவர்களுக்கு உண்டு. மிச்சமாவது இரண்டு லிட்டர் டீசல். போவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மைத்துனன் அந்தச் சாலையில் லாரி ஓட்டியவன். அவன் விபத்து பத்திரிகையில் வரவில்லை. வருகிற அளவுக்குப் பெரியதும் அல்ல. ஒரு ராத்திரி இறக்கத்தில் முன்னால் போன வண்டி திடீரென்று நின்றது. இவன் பிரேக்கை மிதித்தான். நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது. கொஞ்ச நேரம் நினைவு தப்பிவிட்டது. 108 வண்டி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது. புருவத்துக்கு மேல் ஐந்து தையல். மறுநாள் சாயங்காலம் கட்டுப் போட்ட தலையோடு, சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு காசு செலவில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்று வாரம் கழித்து வலது கண் சிவந்தது. இமை தடித்தது. காலையில் எழுந்தால் கண்ணைத் திறக்கவே ஒரு பாடு. "உள்ளேயிருந்து யாரோ கட்டைவிரலை வெச்சுத் தள்ளுறாப்பல இருக்குது மாமா" என்று போனில் சொன்னான். அந்த வாக்கியத்தை நான் பிற்பாடு எத்தனையோ கண் டாக்டர்களிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். கேட்ட ஒவ்வொருவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு நான் நிமிரவில்லை. "ராத்திரி பூரா எஞ்சின் பக்கத்துல உக்கார்ந்திருக்கியே மாப்ளே, உஷ்ணந்தான். பன்னீர் ரெண்டு சொட்டு விடு" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். நாவல் எழுதுகிறவன், மனித மனத்தின் ஆழத்தையெல்லாம் அளந்து பார்க்கிறவன், மைத்துனன் கண்ணுக்குப் பன்னீர் சிபாரிசு செய்தேன்.

என் அத்தை, அதாவது அவன் தாயார், என்னைவிட ஒரு படி மேலே போனார். உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தார். நந்தியாவட்டைப் பூவை இமைமேல் ஒற்றினார். அடுத்த வீட்டில் பிள்ளை பெற்றிருந்த பெண்ணிடம் ஒரு சங்கு பால் வாங்கி வந்து கண்ணில் விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தாயார், தெரிந்ததைச் செய்தார். ஆனால் ஒன்று சொல்கிறேன். தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமிர்தம். கண்ணுக்கு அது மருந்தல்ல. கண்ணில் விட்ட பால் கிருமிக்குத்தான் சாப்பாடு. இதைச் சொன்னால் தாய்மையை அவமதிக்கிறான் என்று என்மேல் பாய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாயட்டும். பாலில் குற்றமில்லை, அதை விடுகிற இடத்தில்தான் குற்றம்.

பிறகு மருந்துக் கடை. நம் ஊர்களில் மருந்துக் கடைக்காரர் பாதி டாக்டர்; சில ஊர்களில் முழு டாக்டர். "கண்ணு சிவந்திருக்கா? இதைப் போடுங்க" என்று ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். சீட்டு கேட்கவில்லை. அதில் இருந்தது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத சரக்கு அது. போட்ட இரண்டாம் நாள் சிவப்பு கொஞ்சம் குறைந்தாற்போல் இருக்கும். அதனால்தான் அதற்கு இவ்வளவு கிராக்கி. நாள் கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால், கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தை அது சிலருக்குச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும். ஏற்கெனவே அழுத்தம் தாங்காமல் தவிக்கிற கண்ணுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேண்டுமா?

அதன் பிறகு டாக்டரிடமே போனான். ஊரையும் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒரு தனி மனிதர்மேல் பழி போடுவது என் நோக்கமல்ல. வரிசையில் அறுபது பேர். இவன் முறை வந்தபோது டாக்டர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார், "மெட்ராஸ் ஐ" என்றார், எழுதினார், மணியை அடித்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பத்து நாள் கழித்து இன்னொரு டாக்டர். அவர் 'அலர்ஜி' என்றார்.

மெட்ராஸ் ஐ என்ற பெயரே நம் தலைநகரத்தின் பெயர். 1918-இல் சென்னையில் முதன்முதல் அடையாளம் கண்டதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1819-இல் தொடங்கிய எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரி உலகத்தின் மிகப் பழைய கண்ணாஸ்பத்திரிகளில் ஒன்று. இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கண் வைத்தியம் நடக்கிற மாகாணத்தில், மெட்ராஸ் ஐ எப்படி இருக்கும் என்று பாமரனுக்கும் தெரியும். கண்ணில் நீர் வழியும்; பீளை கட்டும்; ஒரு கண்ணில் ஆரம்பித்து மறு கண்ணுக்குத் தாவும்; வீட்டில் ஒருவருக்கு வந்தால் நாலு பேருக்கு வரும்; ஓரிரு வாரத்தில் ஓடிப்போகும். என் மைத்துனனுக்குப் பீளை இல்லை. மறு கண் தெளிவாக இருந்தது. அதே வீட்டில் அதே துண்டில் முகம் துடைத்த மூன்று பேருக்கு ஒன்றும் வரவில்லை. நாலு வாரமாகியும் போகவில்லை. இருந்தும் அது மெட்ராஸ் ஐயாம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், வியாதி தன் பெயரைத் தானே சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. உவமைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே சத்தம் போட்டது. "காதுக்குள்ளே ரயில் ஓடுது" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். புஸ், புஸ் என்று, நாடி அடிக்கிற கணக்கில் ஒரு இரைச்சல், படுத்தால் அதிகம். தொப்பூரிலோ மலையடிவாரத்தில் நிஜ ரயிலே ஓடுகிறது. சேலம் - பெங்களூர் ரயில் பாதை அந்த வழிதான் போகிறது. "ராத்திரி கூட்ஸ் வண்டி போயிருக்கும், படுத்துத் தூங்கு" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். முதல் டாக்டரிடம் இதைச் சொல்ல வாயைத் திறந்திருக்கிறான். "கண்ணுக்குத்தானே வந்தே? காதை அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

அப்புறம் ஒரு நாள், அவனுக்குச் சாலை இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. தொப்பூர் இறக்கத்தில் ஒரு சாலையைச் சமாளிக்கவே தெய்வ சகாயம் வேண்டும். இவன் கண்ணுக்கு இரண்டு சாலை, இரண்டு பாலம், முன்னால் போகும் ஒரு லாரிக்கு இரண்டு பின்கதவு. என்ன செய்தான் தெரியுமா? வலது கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் வண்டியை ஓட்டினான். பின்னால் இருபத்தைந்து டன் சரக்கு. லாரிக்குத் தவணை கட்ட வேண்டுமே! அந்த ராத்திரிகளில் அந்த வளைவுகளில் எதிரே குடும்பத்தோடு காரில் வந்து, ஒன்றும் தெரியாமல் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். இந்தக் கட்டுரையை வாசிக்கும் நீங்களே அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஒருவன் கண்ணில் வந்த வீக்கம் அவன் சொந்த விவகாரம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்தவர், அரசாங்க ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்த ஒரு சின்னப் பெண். வயது இருபத்தைந்து இருக்கலாம். அவர் கண்ணைப் பார்க்குமுன் கேள்வி கேட்டார். "தலையில எப்பவாவது அடிபட்டுச்சா அண்ணா?" அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. "காதுல ஏதாவது சத்தம் கேக்குதா?" அதுவும் ஒருவரும் கேட்காதது. பிறகு கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, அவன் கண்ணை மூடச் சொல்லி, இமையின்மேல் மெதுவாக வைத்துக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். குழாயைக் கழற்றி என் காதில் மாட்டி, "நீங்களும் கேளுங்க சார்" என்றார். கேட்டேன். ரயில்தான். என் மைத்துனன் ஐந்து வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே ரயில், அவன் கண்ணுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அது என்ன வியாதி என்பதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். கண் இருக்கும் குழி எலும்பாலான ஒரு கிண்ணம். அதன் கொள்ளளவு சுமார் 30 மில்லி. ஒரு சின்ன டீ கிளாஸில் பாதிகூட இல்லை. அதற்குள் கண்விழி, அதை அசைக்கும் தசைகள், பார்வை நரம்பு, ரத்தக் குழாய்கள், கொழுப்பு எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. எலும்புச் சுவர் விரிந்து கொடுக்காது. உள்ளே எது பெருத்தாலும், அது சீழோ ரத்தமோ கட்டியோ, கண்விழி முன்னால் தள்ளப்பட வேண்டும். பார்வை நரம்பு நசுங்க வேண்டும். வேறு வழி இல்லை.

கண்ணுக்குப் பின்னால், மண்டைக்குள், அசுத்த ரத்தம் தேங்கி ஓடும் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அந்தக் குளத்துக்குள்ளேயே நுழைந்து வெளியேறுகிறது. நம் பாசனத்தில், தண்ணீர் வடிகிற வாய்க்காலுக்குள் மேட்டூர் அணையின் பிரதானக் குழாயைப் பதித்து வைத்தது போன்ற ஏற்பாடு. தலையில் பலமாக அடிபட்டால் அந்தக் குழாயில் சில சமயம் ஒரு கிழிசல் விழும். இருதயம் தள்ளுகிற வேகத்தோடு ரத்தம் குளத்துக்குள் பாயும். குளம் நிரம்பி, கண்ணிலிருந்து வடிய வேண்டிய ரத்தம் வடிய முடியாமல் எதிர்த்துக் கண்ணுக்கே திரும்பும். கண் பிதுங்கும், வெள்ளை விழியில் ரத்தக் குழாய்கள் திருகாணி போலச் சுருண்டு சிவக்கும், கண்ணைத் திருப்பும் நரம்பு படுத்துவிட ஒன்று இரண்டாகத் தெரியும், பாய்கிற ரத்தத்தின் இரைச்சல் ரயிலாகக் கேட்கும். அடிபட்ட அன்றே இது தெரிய வேண்டும் என்பதில்லை. சில நாளோ, சில வாரமோ கழித்துத் தலைகாட்டுவது இதன் வழக்கம்.

இது நேற்றுக் கண்டுபிடித்த வியாதியும் அல்ல. 1809-ஆம் வருஷம் லண்டனில் பெஞ்சமின் டிராவர்ஸ் என்ற அறுவை வைத்தியர், துடிக்கும் கண்ணோடு வந்த ஒரு பெண்ணின் கழுத்து ரத்தக் குழாயைக் கட்டி அவளைக் குணப்படுத்தினார். அன்று மயக்க மருந்தே கிடையாது. சோவியத் நாட்டில் செர்பினென்கோ என்ற மூளை அறுவை வைத்தியர், ரத்தக் குழாய்க்குள்ளேயே ஒரு சின்னப் பலூனை அனுப்பி ஓட்டையை அடைக்கும் முறையைக் கண்டு 1974-இல் உலகத்துக்கு எழுதினார். மே தின விழாவில் குழந்தைகள் நூல் கட்டிப் பிடித்திருந்த பலூன்களைப் பார்த்தபோது அவருக்கு அந்த யோசனை உதித்ததாகச் சொல்வார்கள். இன்று தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை ஏற்றி, பலூனோ உலோகச் சுருளோ வைத்து அடைக்கிறார்கள். சென்னையில் என் மைத்துனனுக்கும் அப்படித்தான் செய்தார்கள். செய்த அன்றே ரயில் நின்றுவிட்டது. இரண்டு வாரத்தில் கண் உள்ளே போயிற்று. சில மாதத்தில் இரண்டு சாலை ஒன்றாயிற்று.

பார்வை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. ஐந்து வாரம் நசுங்கிக் கிடந்த நரம்பு, எவ்வளவு கெஞ்சினாலும் பழையபடி ஆவதில்லை. அந்தக் கண்ணுக்கு இப்போது ஆள் தெரிகிறது, முகம் தெரியவில்லை. கனரக வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லாரியை விற்றாயிற்று. லாரி செட்டில் லோடு எழுதிக்கொண்டிருக்கிறான். முதல் வாரத்திலேயே ஒருவர், ஒரே ஒருவர், இமைமேல் அந்தக் குழாயை வைத்துக் கேட்டிருந்தால்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை. மற்றவர்களையும் தூங்கவிடாமல் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். "கண் வீங்கினவனெல்லாம் சென்னைக்கு ஓட வேண்டுமா? கண்கட்டி வந்தாலும் வீங்கும், குளவி கொட்டினாலும் வீங்கும், ராத்திரி தூக்கம் கெட்டாலும் வீங்கும். ஊரையே பயமுறுத்துகிறீரே!" என்பார்கள். நியாயமான கேள்விதான். கண் வீக்கத்தில் பெரும்பாலானவை சில்லறை வீக்கங்கள். நாலு நாளில் போய்விடும். ஆனால் நான் சொல்கிற வீக்கம் வேறு. ஒரே கண்ணில் வருவது. வாரம் தாண்டியும் போகாதது. உள்ளிருந்து தள்ளுவது போல் அழுத்துவது. அதோடு கண் முன்னால் வந்தாலோ, அசைக்க முடியாமல் போனாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு சிவப்புத் துணியை எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணுக்குக் குங்குமமாகத் தெரிவது மற்றதற்குச் சாயம் போனதாகத் தெரிந்தால், பார்வை நரம்பு அபயம் கேட்கிறது என்று அர்த்தம். அப்போது பன்னீரைத் தேடாதீர்கள், பஸ்ஸைத் தேடுங்கள்.

ஏனென்றால் அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் ஒளிந்து கொள்ளக்கூடியவை பல. பெரியவர்களுக்குக் கண் பிதுங்குவதற்கு மிகச் சாதாரணமான காரணம் தைராய்டுக் கோளாறு. டப்ளின் நகரத்து கிரேவ்ஸ் 1835-லேயே எழுதிவைத்தது. இரண்டு கண்ணிலும் வருவது போலவே ஒற்றைக் கண்ணிலும் வரும். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு முற்றும். குழந்தைகளுக்குச் சளி பிடித்து, மூக்கின் பக்கத்து அறைகளில் சீழ் கட்டி, காகிதம் போன்ற எலும்பைத் தாண்டிக் கண் குழிக்குள் போகும். ஓரிரு நாளில் பார்வையையும், அதைத் தாண்டி உயிரையும் கேட்கும். சுத்தமில்லாத தண்ணீரிலும் கழுவாத கீரையிலும் ஒட்டியிருக்கும் நாடாப்புழு முட்டை கண் தசையில் கூடு கட்டும்; பன்றி மாமிசத்தைக் கையால் தொடாத ஆசாரசீலருக்கும் கட்டும். புற்றும் உண்டு. இவற்றில் ஒன்றாவது 'உஷ்ணம்' என்ற சொல்லுக்குப் பயந்து ஓடியதாக எனக்குத் தகவல் இல்லை.

2021-ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? கொரோனா வந்து பிழைத்தவர்கள், முக்கியமாகச் சர்க்கரை வியாதிக்காரர்கள், ஒரு பக்க முகம் வலிக்கிறது, ஒரு கண் வீங்குகிறது என்று சொன்னார்கள். அது கறுப்புப் பூஞ்சை. அந்த மே மாதம் தமிழக அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய வியாதி என்று அறிவித்தது. ஜூன் மாத முடிவுக்குள் இந்தியாவில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் பதிவாகியிருந்தது. மூவாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தவர்கள் பலர். அந்தச் சில மாதம் மட்டும் ஒற்றைக் கண் வீக்கம் என்றால் டாக்டர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பயம் போயிற்று, பார்ப்பதும் போயிற்று.

அரசாங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கினார்கள். சாலை விபத்தில் அடிபட்டவனுக்கு முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம். நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். என் மைத்துனனின் ஐந்து தையலும் அதன் புண்ணியம். ஆனால் வியாதி கடிகாரம் பார்த்து வருவதில்லையே! நாற்பத்தெட்டாவது மணி அடித்ததும் அவனை வீட்டுக்கு அனுப்புகிறோம். மூன்று வாரம் கழித்து அவன் மண்டைக்குள் கிழியப்போவதைப் பற்றி ஒருவரும் அவனிடம் மூச்சு விடுவதில்லை. அவன் கையில் கொடுக்கும் சீட்டில் மாத்திரையின் பெயர் இங்கிலீஷில் இருக்கிறது. எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்பது எந்த மொழியிலும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி இல்லாததுதான் குறை என்று சிலர் சொல்வார்கள். மதுரைக்குப் பக்கத்தில் தோப்பூர் என்று ஒரு ஊர். அங்கே எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள்; அது எழும்பாத கதையைத் தமிழ்நாடே வருஷக்கணக்காகப் பேசியது. எங்கள் ஊர் தொப்பூர். நெடிலைக் குறிலாக்கிய தோஷமோ என்னவோ, அடிக்கல்கூட எங்கள் பக்கம் வரவில்லை. போகட்டும். வடக்கே தருமபுரியில் 2008-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெற்கே சேலத்தில் அதற்கு முன்பிருந்தே ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் பஸ் இருக்கிறது. எங்களுக்குக் குறைந்தது கட்டடமல்ல. அவனுக்குக் குறைந்தது இரண்டு கேள்வியும், இமைமேல் அரை நிமிஷமும்.

ஆகையால் என் கோரிக்கைகள் சொற்பம். தலையில் அடிபட்டு வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவன் சீட்டிலும், தமிழில், பெரிய எழுத்தில், மூன்று வரி அச்சடியுங்கள். கண் சிவந்து வீங்கினால் வா. காதில் இரைச்சல் கேட்டால் வா. ஒன்று இரண்டாகத் தெரிந்தால் வா. இதற்கு நிபுணர் குழு வேண்டாம், டெண்டர் வேண்டாம், ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும். மருந்துக் கடைக்காரர்களே, சீட்டில்லாமல் கண் மருந்து கேட்டால் இல்லையென்று சொல்லுங்கள். அந்த நாற்பது ரூபாய் லாபத்தில் ஒருவனுடைய லாரி இருக்கிறது. டாக்டர்களே, உங்கள் வரிசையில் அறுபது பேர் என்பது எனக்குத் தெரியும். அந்த அறுபது பேரை உங்கள் ஒருவர் தலையில் கட்டியது சர்க்காரின் குற்றம் என்பதும் தெரியும். ஆனாலும் நோயாளி வாயைத் திறக்கும்போது மணியை அடிக்காதீர்கள். உங்கள் கழுத்தில் தொங்குவது மாலையல்ல.

மற்றவர்களுக்கு, அதாவது என்னைப் போன்ற சொந்தக்காரர்களுக்கு, நான் சொல்வது ஒன்றுதான். பெயர் தெரியாத வியாதிக்கு 'உஷ்ணம்' என்று பெயர் சூட்டாதீர்கள். தெரியாது என்று சொல்லுங்கள். தெரியாது என்று சொல்கிறவன்தான் தெரிந்தவனைத் தேடிப் போவான்.

போன மாதம் தொப்பூர் போயிருந்தேன். அடுத்த வீட்டுப் பையன் பைக்கிலிருந்து விழுந்து நெற்றியில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கண் லேசாகச் சிவந்திருந்தது. "உஷ்ணமா இருக்கும்" என்றார் அவன் பாட்டி. என் அத்தை சுளகைக் கீழே வைத்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்த அம்மாள், நேரே அவனிடம் போய், குனிந்து, அவன் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"காதுல சத்தம் ஏதாச்சும் கேக்குதாடா கண்ணு?"